தரும் என்பதும் தந்தது என்பதும்

கார் வாங்கும் வசதி படைத்த குடும்பத்திலிருந்து நம் கல்லூரிக்கு வருகின்றவர்கள் மிகச் சிலரே. மின்சார ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் இடிபட்டு வந்து சேரும் நாம், கார் செய்திகளைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பேராசிரியர்கள் புன்னகைக்கவும் கூடும். ஓராண்டுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இணையத்தில் நாள்தோறும் வந்து குவியும் கார் செய்திகள் பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று கருதியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது என் தாய்மாமன் வாழ்க்கையில் நேர்ந்த ஒரு கணக்குப் பிழை. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அனகாபுத்தூர். பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகக் குன்றத்தூர் செல்லும் சாலையில், அடையாற்றங்கரையில் அமைந்த ஊர். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் ஒரு பகுதி. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்ட நெசவாளர் ஊர். இங்கே நெய்த கட்டம் போட்ட மதராஸ் துணி நைஜீரியா வரை கப்பலேறியது. அந்த ஏற்றுமதி நின்றபின் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. வாழைநாரிலும் மற்ற இயற்கை நார்களிலும் சேலை நெய்து ஊரின் பெயரைக் காப்பாற்றி வருகின்றவர்கள் இன்றும் சிலர் உண்டு. மற்றவர்கள் தோல் பதனிடும் கூடத்துக்கும், ஏற்றுமதி ஆடை நிறுவனத்துக்கும், ஓட்டுநர் வேலைக்கும் போய்விட்டார்கள். என் மாமா ஓட்டுநரானார்.

பத்தாண்டுகள் பிறருடைய வண்டியை ஓட்டிய மாமா, சொந்தமாக ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்று சென்ற ஆண்டு முடிவு செய்தார். அத்தையின் நகைகள் அடகுக்குப் போயின. மீதிக்கு வங்கிக் கடன். எந்த வண்டி வாங்குவது என்பதுதான் கேள்வி. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். எனவே, "நீ செல்போன்ல நல்லாப் பார்த்துச் சொல்லுடா தம்பி, நாலு எழுத்து படிச்சவன் நீதானே" என்றார். நானும் பெருமையோடு தேடினேன். ஒரு தளத்தில், ஒரு குறிப்பிட்ட காரைப் பற்றி, "லிட்டருக்கு 24 கிலோமீட்டர் மைலேஜ் தரும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உரக்கப் படித்துக் காட்டினேன். மாமா ஒரு பழைய காலண்டரின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓட்டினால் ஆறேகால் லிட்டர். கணக்கு சரியாக வந்தது. வண்டியும் வந்தது.

ஆனால் 24 வரவில்லை. பல்லாவரத்திலிருந்து கிண்டி வரையில் காலை நெரிசலில், குளிர்சாதனம் போட்டுக்கொண்டு, பயணிகளை ஏற்றி இறக்கி ஓட்டினால் லிட்டருக்கு 17 கிலோமீட்டர்தான் வந்தது. 150 கிலோமீட்டருக்கு 8.8 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 257 ரூபாய் கூடுதல் செலவு. மாதத்தில் 26 நாள் ஓட்டினால் 6,700 ரூபாயை நெருங்கும். மாமாவின் மாதத் தவணை 13,500. தவணையில் ஏறத்தாழ பாதித் தொகை, நான் உரக்கப் படித்த ஒரே வாக்கியத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

வண்டியில் ஏதோ கோளாறு என்று எண்ணி இரண்டு முறை பணிமனைக்குப் போய் வந்தார். கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். கோளாறு வண்டியில் இல்லை, வாக்கியத்தில் இருந்தது. ஒருநாள் இரவு சாப்பிடும்போது, "நீ படிச்சுச் சொன்னதுதானேடா" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மனம் இவ்வளவு வருந்தியிருக்காது.

அன்றிலிருந்து கார் செய்திகளை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். பொருளியல் மாணவனாகிய நான், பக்கத்து வகுப்புத் தமிழிலக்கிய மாணவனைப் போலச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். நான் கண்டது இதுதான்: அப்பட்டமான பொய் அங்கே அரிது. மெய்யான எண்ணுக்குப் பக்கத்தில் பொருந்தாத சொல்லை உட்கார வைப்பதுதான் மிகுதி.

"தரும்" என்ற வினைமுற்று

24 என்ற எண் எங்கிருந்து வந்தது? அது யாரோ இட்டுக்கட்டிய எண் அன்று. புனேயில் 1966 இல் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனைக் கூடங்களில் முறைப்படி எடுக்கப்படும் அளவு அது. நம் பக்கத்து ஒரகடத்திலும் அரசின் வாகனச் சோதனை மையம் ஒன்று உண்டு. கூடத்துக்குள் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, வகுக்கப்பட்ட வேகத் திட்டப்படி 1,180 விநாடிகள், அதாவது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, ஓட்டுகிறார்கள். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். குளிர்சாதனம் இயங்காது. மேடு பள்ளம் இல்லை, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இல்லை, குறுக்கே பாயும் ஆட்டோ இல்லை.

இந்தச் சோதனையை நான் குறை கூறவில்லை. எல்லாக் கார்களையும் ஒரே நிபந்தனையில் ஓட்டினால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். நம் தேர்வு மதிப்பெண்ணைப் போன்றது அது. பல்கலைக்கழகத் தேர்வில் ஒருவன் 80 வாங்கினான் என்றால், "80 வாங்கினான்" என்று எழுதலாம். "இவன் அலுவலகத்தில் நூற்றுக்கு எண்பது வேலை செய்வான்" என்று எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா? கார் செய்தியாளர்கள் நாள்தோறும் செய்வது அதைத்தான். "சோதனையில் 24 தந்தது" என்று எழுத வேண்டிய இடத்தில் "24 தரும்" என்று எழுதுகிறார்கள். ஓர் இறந்தகால வினைமுற்று எதிர்கால வினைமுற்றாக மாறியது. தமிழில் "சூரியன் கிழக்கே உதிக்கும்" என்று சொல்லும்போது வரும் அதே "உம்" அது. என்றும் மாறாததைச் சொல்லும் ஈறு. படிக்கிறவன் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில் வியப்பென்ன?

சட்டமும் இதை வாக்குறுதியாகவே பார்த்த நிகழ்ச்சி உண்டு. கேரளத்தில் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022 இல் ஒரு தீர்ப்பு அளித்தது. லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்ற விளம்பரத்தை நம்பி ஃபோர்டு கார் வாங்கியவருக்கு, வல்லுநர் சோதனையில் 20 கூடக் கிடைக்கவில்லை. நிறுவனம் ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையம் கூறியது. ஆனால் வழக்கு நடத்த எல்லோராலும் முடியுமா? என் மாமாவுக்கு ஒருநாள் நீதிமன்றத்தில் நின்றால் அன்றைய வாடகை போயிற்று.

"முதல்", "வரை": இரண்டு சின்னஞ்சிறு சொற்கள்

விலையைப் பற்றிய செய்தியில் "முதல்" என்ற சொல் தவறாமல் வரும். "8 லட்சம் முதல்." இந்த 8 லட்சம், காட்சியகத்தின் உள்ளே இருக்கும் விலை. வாசற்படியைத் தாண்டினால் பதிவுக் கட்டணம், வாழ்நாள் வரி, காப்பீடு எல்லாம் சேரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வரி விகிதப்படி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு வாழ்நாள் வரி 13 விழுக்காடு. 8 லட்சம் ரூபாய் காருக்கு வரி மட்டும் 1,04,000 ரூபாய். செய்தியின் படத்தில் மின்னும் காரோ பெரும்பாலும் உச்ச வகையைச் சேர்ந்தது. அதில் உள்ள அகன்ற திரையும் பளபளக்கும் சக்கரமும் "முதல்" விலைக் காரில் இரா. படம் ஒன்று, விலை வேறொன்று. இரண்டையும் "முதல்" என்ற மூன்றெழுத்துச் சொல் இணைத்துவிடுகிறது.

இந்த வித்தைக்கு நம் நாட்டில் பெரிய முன்னுதாரணம் "ஒரு லட்ச ரூபாய் கார்". டாட்டா நானோ 2008 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் காட்டப்பட்டது. உலகமே வியந்தது. 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தபோது, அந்த ஒரு லட்சம் தொழிற்சாலை வாசல் விலை என்றும், வரியும் போக்குவரத்தும் சேர்ந்தால் அதற்கு மேல் என்றும் மக்கள் அறிந்தார்கள். நிறுவனம் அதை மறைக்கவில்லை. ஆயினும் "ஒரு லட்ச ரூபாய் கார்" என்ற அடைமொழியைச் செய்தியாளர்கள் விடவில்லை.

"வரை" என்ற சொல்லின் தொழில் இதற்கு எதிர்த்திசை. மின்சாரக் கார்களின் செய்தியில் இது மிகுதி. "ஒருமுறை மின்னேற்றினால் 585 கிலோமீட்டர் வரை" என்று 2024 ஆகஸ்டில் வந்த டாட்டா கர்வ் மின்காரைப் பற்றிப் படித்தோம். சோதனையின் நகரப் பகுதியை மட்டும் வைத்துச் சொன்ன எண் அது. நகரப் பகுதியையும் வேகச்சாலைப் பகுதியையும் சேர்த்துச் சோதித்தால் 502. நான்கில் மூன்று வாடிக்கையாளருக்குக் கிடைக்கக்கூடியது 400 முதல் 425 என்று நிறுவனமே ஓர் எண்ணை வெளியிட்டது. நிறுவனமே நடைமுறை எண்ணைச் சொல்லியிருக்க, தலைப்பில் ஏறியது மிகப் பெரிய எண்! இங்கே குற்றவாளி விற்பவன் மட்டும்தானா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

"அறிமுகம்" ஆனது எது? "விற்பனை" ஆனது யாருக்கு?

தமிழில் எழுதுகிறவர்கள் செய்யும் தனிப்பட்ட குழப்பம் ஒன்றும் உண்டு. காரைத் திரைநீக்கிக் காட்டுவது ஒரு நிகழ்ச்சி, முன்பதிவு தொடங்குவது வேறொரு நிகழ்ச்சி, விலை சொல்லி விற்பனைக்கு விடுவது மூன்றாவது, வீட்டு வாசலுக்கு வண்டி வந்து சேர்வது நான்காவது. இந்த நான்குக்கும் நம் செய்தியாளர்கள் கையாளும் ஒரே சொல் "அறிமுகம்". ஒரே கார் ஓராண்டில் நான்கு முறை அறிமுகமாகிறது. நானோ 2008 இல் அறிமுகம், 2009 இலும் அறிமுகம்! கையில் பணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவன், இப்போதுள்ள வண்டியை வாங்குவதா, வரப்போகிறதற்குக் காத்திருப்பதா என்று தவிக்கிறான். "காட்டப்பட்டது", "விற்பனைக்கு வந்தது" என்று எழுதத் தமிழில் சொல்லா இல்லை?

"விற்பனை" என்ற சொல்லும் அப்படியே. மாதம் பிறந்ததும் "விற்பனை அமோகம்" என்று எண்கள் வரும். பெரும்பாலும் அவை, தொழிற்சாலையிலிருந்து முகவர்களுக்கு அனுப்பப்பட்ட கார்களின் எண்ணிக்கை. வாகன உற்பத்தியாளர் சங்கம் வெளியிடுவது இந்தக் கணக்கு. வாங்கியவர் பெயரில் பதிவான கார்களின் கணக்கை, அரசின் 'வாகன்' பதிவேட்டைக் கொண்டு வாகன முகவர்கள் கூட்டமைப்பு தனியே வெளியிடுகிறது. ஒன்று ஆலையின் வாயில், மற்றொன்று வாங்குபவன் வாயில். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்கள் பிறப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் நாம். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் நீண்ட லாரிகளில் அடுக்கப்பட்டுப் போகும் கார்களை விற்ற கார்கள் என்று நாம் சொல்வோமா? முகவரின் திடலில் வெயில் காயும் காரும் "அமோக விற்பனை"யில் சேர்ந்துவிடுகிறது. அதைக் கண்டு, "எல்லோரும் வாங்குகிறார்களே" என்று இன்னொருவன் வாங்குகிறான்.

உயிரைத் தொடும் சொற்கள்

இதுவரை சொன்னவை பணத்தைத் தொடுகின்றவை. இனிச் சொல்பவை உயிரைத் தொடுகின்றவை. 2022 இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு, "ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு" என்ற தொடரைப் பார்ப்போம்.

குளோபல் என்கேப் என்ற அமைப்பு 2014 இல் இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் சுழி. அந்த அதிர்ச்சி நல்லதைச் செய்தது. 2018 இல் முதன்முதலாக ஓர் இந்தியக் கார் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2022 ஜூலையில் சோதனை விதிகள் கடுமையாயின. பக்கவாட்டு மோதலும் மற்றவையும் கட்டாயமாக எடைபோடப்பட்டன. 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்கேப்' என்ற நம் சொந்தத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆக, எந்த ஆண்டு விதியில், எந்த அமைப்பிடம், எந்த வகைக் கார், பெரியவர்களுக்கா குழந்தைகளுக்கா என்று சொல்லாமல் "ஐந்து நட்சத்திரம்" என்று மட்டும் எழுதினால், எந்தத் தேர்வில் என்று சொல்லாமல் "முதல் வகுப்பு" என்று எழுதுவது போலாகும். பழைய விதியில் பெற்ற நட்சத்திரமும் புதிய விதியில் பெற்ற நட்சத்திரமும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் மின்னுகின்றன. அத்துடன் நின்றார்களா? "இரும்புக் கோட்டை", "எமனையும் விரட்டும்" என்றெல்லாம் அடைமொழிகள். இருக்கைப் பட்டை அணியாதவனுக்கு எத்தனை நட்சத்திரமும் முழுத் துணை செய்யாது என்ற வரியோ எங்கும் காணோம்.

அடுத்து "தானாக ஓடும்" என்ற சொல். 2020 இல் ஒரு பெரிய வண்டி, "இந்தியாவின் முதல் தன்னாட்சி (நிலை 1) வண்டி" என்ற பொருள்பட விளம்பரம் செய்யப்பட்டது. தன்னோட்டத் திறனைச் சுழியிலிருந்து ஐந்து வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையும் இரண்டாம் நிலையும் ஓட்டுநருக்கு உதவி மட்டுமே. கண்ணும் கவனமும் பொறுப்பும் ஓட்டுநருடையவை. அடைப்புக்குறிக்குள் இருந்த "நிலை 1" செய்தியாளர் கைக்கு வந்ததும் உதிர்ந்துபோயிற்று. "தானே ஓட்டும் கார் வந்துவிட்டது" என்று தலைப்பு நின்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று கருத வேண்டா. அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் தன் உதவிக் கருவிக்கு, விமானத்தின் தானியங்கிக் கருவியை நினைவூட்டும் பெயரையும், "முழுத் தன்னோட்டம்" என்ற பெயரையும் சூட்டியது. 2023 டிசம்பரில், ஓட்டுநரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாது என்ற காரணத்தால் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கார்களின் மென்பொருளைத் திருத்த நேர்ந்தது. ஓரளவே தானாக இயங்கும் காரை முழுவதும் தானாக இயங்கும் என்று நம்பவைக்கும் வகையில் விற்பதைத் தடுக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 2023 இல் நடைமுறைக்கு வந்தது. 2024 இல் அந்தப் பெயருக்குப் பின்னால் "மேற்பார்வையுடன்" என்ற ஒரு சொல்லை நிறுவனமே சேர்த்துக்கொண்டது. பெயரில் ஒரு சொல் கூடுதலாக வேண்டும் என்று உணர எத்தனை ஆண்டுகள்!

ஏன் இப்படி?

செய்தியாளர்கள் எல்லோரும் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. காரை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, பெட்ரோலைத் தொட்டி நிரம்ப ஊற்றி அளந்து, "எங்களுக்கு இவ்வளவு கிடைத்தது" என்று எழுதும் நேர்மையாளர்களும் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் பெரும்பாலோரின் நிலைமை வேறு. ஓட்டிப் பார்க்கக் கார் தருவது நிறுவனம். வெளியூருக்கு அழைத்துப்போய்த் தங்கவைப்பது நிறுவனம். விளம்பரம் தந்து தளத்தை வாழவைப்பதும் நிறுவனம். நிறுவனம் தரும் அறிக்கையை மொழிபெயர்த்து முதலில் போடுபவனுக்குத்தான் பார்வையாளர் மிகுதி. நின்று கேள்வி கேட்பவன் பின்தங்குவான். இந்த ஓட்டப் பந்தயத்தில் முதலில் கீழே விழுவது "சோதனைக் கூடத்தில்" என்ற தொடர்தான்.

விளம்பரத்துக்கு நம் நாட்டில் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையம், 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்க நெறிமுறைகள் வெளியிட்டது. விளம்பரத்தில் சொன்ன பெரிய செய்தியை அடிக்குறிப்பு மறுக்கக்கூடாது, குறிப்பும் அதே மொழியில் அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்பவை அதில் அடங்கும். முதல் முறை மீறினால் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம். நல்ல விதி. ஆனால் நிறுவனத்தின் விளம்பரத்தில் அடிக்குறிப்போடு வந்த அதே எண், செய்தியாளர் எழுதும் செய்தியில் அடிக்குறிப்பை உதறிவிட்டு வருகிறது. விளம்பரம் கட்டுப்பட்டு நடக்கிறது, செய்தி கட்டவிழ்ந்து ஓடுகிறது. விளம்பரத்தைக் காட்டிலும் செய்தி குறைந்த நேர்மையோடு இருப்பது எவ்வளவு பெரிய தலைகீழ்ப் பாடம்!

"படிக்கிறவனுக்கு அறிவு எங்கே போயிற்று? அவன் விசாரித்து வாங்கக் கூடாதா?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். நியாயமான கேள்விதான். எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்ததில் என் குற்றமும் உண்டு என்று முன்னமே ஒப்புக்கொண்டேன். ஆனால் விசாரிப்பதற்காகத்தானே அந்தச் செய்தியைப் படித்தேன்? விசாரிக்கப் போன இடத்திலேயே விற்பனைக்காரரின் குரல் ஒலித்தால் வேறு எங்கே போய் விசாரிப்பது?

சாயம் போகும் துணியின் கதை

எங்கள் ஊர்த் துணியோடு உறவுடைய ஒரு கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1950களின் இறுதியில் மதராஸ் கட்டத் துணி அமெரிக்காவுக்குப் போயிற்று. துவைத்தால் சாயம் கசியும், குளிர்ந்த நீரில் மெதுவாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சட்டையெல்லாம் நிறம் கலந்துபோக, புகார்கள் குவிந்தன. அப்போது, "சாயம் கசியும் என்று உறுதி கூறுகிறோம்" என்று விளம்பரம் செய்தார்களாம். ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம் பெறும் துணி என்று புகழ் பரவி, விற்பனை ஏறியதாம். விளம்பர உலகில் பெயர்பெற்ற டேவிட் ஓகில்வியின் பெயரோடு சேர்த்து இந்தக் கதை சொல்லப்படுகிறது.

சாமர்த்தியமான விளம்பரம்தான். குறையை நிறையாக்கிய தந்திரம் என்றும் சொல்லலாம். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாயம் போகும் என்பதை அது மறைக்கவில்லை. முகப்பிலேயே சொல்லிற்று. அதைப் படித்தபின் வாங்கியவன் ஏமாறவில்லை. எச்சரிக்கை இல்லாமல் முதலில் வாங்கியவன்தான் ஏமாந்தான். துணி இரண்டு முறையும் ஒன்றே, சாயமும் ஒன்றே. சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் வேறுபாடு.

துணிக்கு இன்று முத்திரைகள் வந்துவிட்டன. பட்டுக்கு 2004 முதல் பட்டு முத்திரை. கைத்தறிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரை. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று கூறி விற்பவனிடம் "முத்திரை எங்கே?" என்று நம் தாய்மார்கள் கேட்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய்ச் சேலைக்கு இத்தனை விழிப்பு இருக்க, பல லட்ச ரூபாய்க் காரைப் பற்றிய சொல்லுக்கு முத்திரை வேண்டாவா?

நாம் செய்யக்கூடியவை

இது நம்மால் ஆகக்கூடிய காரியமா என்று எண்ண வேண்டா. நம்மில் பலர் நாளை செய்தியாளர்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் போகப்போகிறவர்கள். இணையத் தளங்களுக்குச் செய்தி எழுதிக் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் மாணவர்கள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் வேண்டுவன இவை.

சோதனை எண்ணை எழுதும்போது "தந்தது" என்று எழுதுங்கள். எங்கே, எந்த நிபந்தனையில் என்று ஒரு வரி சேருங்கள். விலையை எழுதும்போது சாலைக்கு வரும் விலையையும் எழுதுங்கள். அது ஊருக்கு ஊர் மாறும் என்றால் சென்னை விலையையாவது எழுதுங்கள். படத்திலுள்ள வகையின் விலை என்ன என்று படத்தின் கீழே போடுங்கள். நட்சத்திரம் என்றால் ஆண்டையும் அமைப்பையும் சொல்லுங்கள். "அறிமுகம்" என்று எழுதும் முன், காட்டினார்களா விற்றார்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டாத காரை ஓட்டியது போல எழுதாதீர்கள். நிறுவனச் செலவில் பயணம் போயிருந்தால் அதை முதல் பத்தியில் ஒப்புக்கொள்ளுங்கள். இவற்றில் எதற்கும் பணம் செலவில்லை. ஒவ்வொன்றும் நான்கைந்து சொற்கள்தான்.

படிக்கின்ற நம் கடமையும் ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்கிறவர்கள் நாம். கடன் பத்திரமானாலும் மருந்துச் சீட்டானாலும் கார் செய்தியானாலும், நம் வாயிலிருந்து வரும் சொல்லை அவர்கள் நம்புகிறார்கள். செய்தியாளன் விட்ட சொல்லை நாமும் விட்டுவிட்டுப் படித்தால் அவனுடைய பிழையில் நாமும் கூட்டாளிகள். வாய்மைக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பள்ளியிலிருந்தே படித்து வருகிறோம். தேர்வுத் தாளில் எழுதியதோடு அந்தக் கடன் தீர்ந்துவிடவில்லை.

மாமா இப்போது வண்டியில் ஒரு சிறிய நோட்டு வைத்திருக்கிறார். பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டரையும் கிலோமீட்டரையும் குறித்துக்கொள்கிறார். இரவில் இரண்டு மணி நேரம் கூடுதலாக விமான நிலையச் சவாரி ஓட்டித் தவணையைக் கட்டி வருகிறார். அத்தையின் நகைகள் இன்னும் மீளவில்லை. சென்ற மாதம் எங்கள் தெருவில் வேறொருவர் அதே வகைக் கார் வாங்கும் எண்ணத்தோடு வந்து மைலேஜ் பற்றிக் கேட்டார். மாமா நோட்டைப் பிரித்துக் காட்டி, "எனக்குப் பதினேழு கொடுத்துது. இந்த ரோட்டுல, ஏசி போட்டு, இத்தனை சவாரிக்கு. உனக்கு எவ்வளவு கொடுக்கும்னு நான் சொல்ல முடியாதுப்பா" என்றார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார்ந்தவர் என் மாமா. அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களில் இருக்கும் நேர்மையை, படித்தவர்கள் எழுதும் செய்தியில் எதிர்பார்ப்பது பேராசையா? எண்ணிப் பாருங்கள், நண்பர்களே.